ஜியு-ஜிட்சு பெல்ட் முறை தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. என் மகள் பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற தற்காப்புக் கலையில் ஆரஞ்சு பெல்ட். வருகிற ஆண்டு 16 வயது. சிறுவர் பெல்ட்டுகள் அத்தோடு முடிகின்றன. வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற பெரியவர் வரிசையும், நீலத்துக்கு 16, கறுப்புக்கு 19 வயதாவது ஆக வேண்டும் என்ற ஐபிஜேஜேஎஃப் (இந்தக் கலையின் சர்வதேசக் கூட்டமைப்பு) விதியும் தெரியும்.

குழப்பம் இங்கேதான். ஆரஞ்சிலிருந்து நேராக நீலம் கொடுப்பார்களா, வெள்ளையிலிருந்து தொடங்கச் சொல்வார்களா? பயிற்சியாளர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? ஸ்ட்ரைப் (ஒரே பெல்ட்டுக்குள் முன்னேற்றத்தைக் காட்டும் சிறு பட்டை) கொடுப்பதிலும் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு வழக்கம் இருக்கிறது. அப்புறம், படிப்புக்காக வேறு ஊர் போனால் புதிய பயிற்சியாளர் இவள் பெல்ட்டை ஏற்பாரா? அவள் உழைப்பு வீணாகக் கூடாது என்பதே என் கவலை. இதைக் கடந்து வந்த பிள்ளைகளின் பெற்றோர் தயவுசெய்து சொல்லுங்கள்.