வியாழக்கிழமை மீட்டிங், கையில் 34 ஸ்லைடு, எதை வெட்டுவது?

ஆம்பூர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். இங்கே வந்து குளிருக்கே இன்னும் பழகவில்லை. அதற்குள் வியாழன் காலை பெரிய மீட்டிங்கில் நான்தான் பேச வேண்டுமென்று மேனேஜர் இன்று மாலை சொல்லிவிட்டார். 34 ஸ்லைடு சேர்ந்துவிட்டது. ஊரில் பையர், அதாவது தோல் வாங்குபவர், வந்தால் தோலைக் கையில் கொடுத்துப் பேசித்தான் பழக்கம். நல்ல டெம்ப்ளேட் எங்கே கிடைக்கும்? பின்னணி நீலம் போடலாமா? வயிற்றைக் கலக்குகிறது. அவசரம்.

குடியாத்தத்தான்:
தம்பி, டெம்ப்ளேட் அப்புறம். முதலில் நிறுத்தி நிதானமாகப் பேசப் பழகு. நான் ஜனவரியில் பர்மிங்காம் வந்தேன். ஹீட்டர் ஓடாத அறை, சுவரெல்லாம் ஈரம், ஜன்னலோரம் பூஞ்சை. ஆபீஸில் நான் ஒன்று சொன்னால் மூன்று பேர் திரும்பக் கேட்பார்கள். அந்த முதல் குளிர்காலம் மாதிரி யாருக்கும் வரக் கூடாது. ராத்திரி அறையில் சத்தமாகப் படித்துப் பார், அது போதும்.

வேலப்பாடி_சிங்கப்பூர்:
ஸ்லைடில் எழுத்தே கூடாது. ஒரு ஸ்லைடு, ஒரு படம். தொழில் தொடங்குபவர்களுக்கு ஆலோசனை சொல்லும் கை கவாசாகி (Guy Kawasaki) சொன்ன கணக்கு தெரியுமா? 10 ஸ்லைடு, 20 நிமிடம், 30 பாயிண்ட் அளவுக்குக் குறையாத எழுத்து. அதைப் பிடித்துக்கொள்.

வாலாஜா_அக்கா:
அது புதுக் கம்பெனிக்காரர்கள் முதலீட்டாளரிடம் பணம் கேட்கப் போகும்போது சொன்ன கணக்கு. இந்தத் தம்பி பணமா கேட்கப்போகிறார்? எங்கள் அலுவலகத்தில் முதல் நாளே ஃபைலை மெயிலில் அனுப்பிவிட வேண்டும். மீட்டிங்குக்கு வராதவர்களும் படிப்பார்கள். வெறும் படமாக இருந்தால் அவர்களுக்கு என்ன புரியும்? முழு வாக்கியமாக எழுதுங்கள்.

வேலப்பாடி_சிங்கப்பூர்:
முழு வாக்கியம் இருந்தால் ஜனங்கள் அதைப் படிப்பார்கள், பேச்சைக் கேட்க மாட்டார்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

திமிரி_பையன்:
இந்த ஸ்லைடு வேலையே எனக்குப் பிடிக்கவில்லை. செய்த வேலையை விட அதைக் காட்டும் வேலைக்கு நேரம் அதிகம் போகிறது. இதற்கு நடுவில் வீட்டு அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, ஓயாத பேப்பர் வேலை. ஞாயிற்றுக்கிழமை வாய்க்கு ருசியாக ஒரு பிரியாணி பண்ணலாமென்றால் சீரகச் சம்பா கிடைக்கவில்லை.

குடியாத்தத்தான்:
பாரிஸ் பக்கம் போனால் லா ஷபெல்லில் தமிழ்க் கடைகளில் கேட்டுப் பார். கத்திரிக்காய்த் தொக்குக்குப் பொடிக் கத்திரிக்காயும் அங்கே வரும்.

காட்பாடி_அக்கா:
பிரியாணிக்குத் தனி இழை தொடங்குங்கள். பிள்ளைக்கு வியாழக்கிழமை மீட்டிங். தம்பி, எந்த நாடு? யார் யார் உட்காருவார்கள்? எத்தனை நிமிடம்? ஃபைல் முன்கூட்டிப் போகுமா? முக்கியமாக, பேசி முடித்ததும் அவர்கள் எதற்குச் சரி சொல்ல வேண்டும்?

ஆம்பூர்_தம்பி:
மன்னிக்கவும் அக்கா. ஜெர்மனி, ஷூ கம்பெனி, தரப் பிரிவு. 15 நிமிடம். பர்ச்சேஸ் தலைவர், லேப் ஆள், சட்டப் பிரிவு. புதன் மதியம் ஃபைல் போக வேண்டும். நம்ம பக்கத்து டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலை) வந்த ஒரு லாட்டில், அதாவது ஒரு தொகுதித் தோலில், குரோமியம் 6 என்ற கெடுதலான வேதிப்பொருள் வரம்பைத் தாண்டிவிட்டது. ரீடேனிங்கில் (மறுபடி பதனிடும் கட்டம்) வாட்டில் மரப்பட்டைச் சாறு சேர்த்தால் கட்டுப்படும் என்பது என் கருத்து. சப்ளையரை நிறுத்திவிடுவார்களோ என்று பயம்.

காட்பாடி_அக்கா:
இதை முதலிலேயே சொல்லியிருந்தால் பிரியாணி வரை போயிருக்க மாட்டோம். சரி, கேளுங்கள்.

நீங்கள் கேட்க வந்ததை முதல் ஸ்லைடிலேயே கேட்டுவிடுங்கள். கடைசி வரை காத்திருந்தால், 15 நிமிடத்தில் அங்கே போய்ச் சேருவதற்குள் சட்டப் பிரிவு கேள்வி கேட்க ஆரம்பித்துவிடும். வாலாஜா அக்கா சொன்னதும் சரி, வேலப்பாடி சொன்னதும் சரி: ஸ்லைடின் தலைப்பை முழு வாக்கியமாக எழுதுங்கள், அதன் கீழே ஒரே ஒரு படம் போதும். 'பரிசோதனை முடிவுகள்' என்ற தலைப்பு யாருக்கும் எதுவும் சொல்லாது. 'ஒரு லாட் மட்டும் வரம்பைத் தாண்டியது, மற்றவை உள்ளே இருக்கின்றன' என்றால் மெயிலில் படிப்பவருக்கும் புரியும்.

அந்தப் படம் ஒரு பார் சார்ட். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 மே முதல் தோலில் குரோமியம் 6-க்கு வரம்பு கிலோவுக்கு 3 மில்லிகிராம். அந்த இடத்தில் ஒரு கோடு. தாண்டிய லாட் அடர் ஆரஞ்சு, மற்றதெல்லாம் சாம்பல். சிவப்பு-பச்சை வேண்டாம், இங்கே ஆண்களில் சுமார் 12 பேருக்கு ஒருவருக்கு அந்த இரண்டும் பிரித்துத் தெரியாது. எந்த முறையில் சோதித்தது என்று ஐஎஸ்ஓ 17075-ஐ ஓரத்தில் சின்னதாகப் போடுங்கள், லேப் ஆள் அதைத்தான் தேடுவார். எண்களில் கவனம்: ஜெர்மன்காரர்களுக்கு 3,5 என்றால் மூன்றரை, 1.000 என்றால் ஆயிரம். லட்சம், கோடி எதுவும் உள்ளே வரக் கூடாது.

முன்னால் ஆறு ஸ்லைடு. மீதி 28-ஐ அழிக்க வேண்டாம், பின்னிணைப்பாகத் தள்ளுங்கள். யாராவது கேட்டால் அந்த ஸ்லைடு எண்ணைத் தட்டி என்டர் அழுத்துங்கள், பவர்பாயிண்ட் நேராக அங்கே போகும். வாக்குவாதம் வந்தால் பி (B) விசையைத் தட்டுங்கள், திரை கறுப்பாகும், எல்லாரும் உங்களைப் பார்ப்பார்கள். டெம்ப்ளேட் தேட வேண்டாம், உங்கள் கம்பெனிக்கே ஒன்று இருக்கும், பக்கத்து சீட்டில் கேளுங்கள்.

இன்னொன்று. ஊரில் கையில் கொடுத்துப் பேசினீர்களே, அதை இங்கேயும் செய்யுங்கள். குரோமியம் 6 கண்ணுக்குத் தெரியாது, அதைத் தோலில் காட்ட முடியாது. ஆனால் வாட்டில் போட்டால் நிறமும் தொடு உணர்வும் மாறுமா என்பதுதான் பர்ச்சேஸ்காரரின் கவலையாக இருக்கும். இப்போதைய தோல் ஒரு துண்டு, வாட்டில் போட்டது ஒரு துண்டு, இரண்டையும் மேஜையில் சுற்ற விடுங்கள். நம்ம ஆட்களுக்குத் தோலைப் பற்றித் தெரிந்த அளவு அந்த அறையில் வேறு யாருக்கும் தெரியாது.

ஆம்பூர்_தம்பி:
அக்கா, முதல் ஸ்லைடு எழுதிவிட்டேன்: 'ரீடேனிங்கை மாற்றி, சப்ளையரைத் தொடர்வது குறித்துப் பரிசீலிக்கலாம்.' சரியா?

காட்பாடி_அக்கா:
'பரிசீலிக்கலாம்' வேண்டாம். எத்தனை லாட் சோதனைக்கு அனுமதி வேண்டும், எந்தத் தேதிக்குள் முடிவு வரும் என்று எழுதுங்கள். அந்தத் தேதியை டேனரியில் இன்றே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், அங்கே இப்போது ராத்திரி ஒன்பது மணிதான் ஆகிறது.