அம்மாவின் கைப்பையில் என்ன வைப்பது?

அம்மாபேட்டை அக்கா: அம்மா முதல்முறையாக அமெரிக்கா போகிறார், பெங்களூரு வரை கார், அப்புறம் இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம். கைப்பை 7 கிலோதான், அதிலும் ஊறுகாய் பாட்டில் கூடவே வர வேண்டுமாம்!

செவ்வாய்ப்பேட்டை: அது பெரிய பெட்டிக்குள் போகட்டும் அக்கா. எண்ணெய், நெய், பற்பசை எதுவும் 100 மில்லிக்கு மேல் கைப்பையில் கூடாது. தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று என் மாமியார் துபாய் வரை பேசவே இல்லை. மாத்திரைகளை மட்டும் மருந்துச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

ஏற்காட்டுக்காரன்: பவர் பேங்க்கும் கைப்பையில்தான், பெட்டியில் போடக் கூடாது. உட்கார்ந்தே போனால் கால் வீங்கும், தளர்வான செருப்பு போதும். ஏற்காட்டுக் குளிருக்கு வாங்கிய குல்லா, சால்வை இருந்தால் வையுங்கள், ஏசி நேராகத் தலையில் அடிக்கும்.

அம்மாபேட்டை அக்கா: சரி, தட்டுவடை?

செவ்வாய்ப்பேட்டை: தாராளமாக. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னி வைத்த செட்டாகப் போடாதீர்கள், சட்னி கசியும்.