3 டன் ஃபோர்க்லிஃப்டை கிரேனில் தூக்க பெல்ட்டை எங்கே மாட்டுவது?

ஃபேக்டரி சூப்பர்வைசர், கோத்தகிரி:
வணக்கம். மழையில் எங்கள் தேயிலை ஃபேக்டரியின் கீழ் யார்டுக்கு இறங்கும் பாதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் கீழே மாட்டிக்கொண்டது. நடுவில் 12 அடி கல்சுவர். 14 டன் ஹைட்ரா கிரேனை மேலே சுவரோரம் நிறுத்தி, டிரைவர் தலைக்கு மேல் உள்ள கம்பிக்கூரையில் பெல்ட் கட்டித் தூக்கிவிடலாம் என்கிறார் ஆப்பரேட்டர். வண்டி 3 டன்தானே, தாங்கும்தானே?

ஃபோர்க்லிஃப்ட் மெக்கானிக், குன்னூர்:
தம்பி, அந்தக் கூரையைத் தொடவே வேண்டாம். மேலிருந்து சரக்கு விழுந்தால் டிரைவரைக் காப்பாற்ற வைத்தது அது. வண்டியையே தொங்கவிடச் செய்ததல்ல.

3 டன் என்பது வண்டி சுமக்கும் எடை. அதன் சொந்த எடை பெரும்பாலும் 4 டன்னுக்கு மேல் வரும். நேம் பிளேட்டில் எழுதியிருக்கும், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துப் பாருங்கள். கொக்கிப் படம் போட்ட ஸ்டிக்கர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் மாட்ட வேண்டும். பொதுவாக முன்னால் மாஸ்ட்டில் (ஃபோர்க் ஏறி இறங்கும் தூண்), பின்னால் கவுண்டர்வெயிட்டில் (சரக்கின் எடையைச் சமன்செய்யும் கனமான இரும்பு). ஆனால் சில மாடலில் கவுண்டர்வெயிட்டின் துளை அதை மட்டும் கழற்றித் தூக்குவதற்கு. அதனால் மேனுவலைப் பார்க்காமல் மாட்டாதீர்கள்.

ஃபேக்டரி சூப்பர்வைசர், கோத்தகிரி:
நன்றி அண்ணா. நேம் பிளேட்டில் 4,400 கிலோ என்று இருக்கிறது. மேனுவலும் மாஸ்ட், கவுண்டர்வெயிட் இரண்டையும்தான் காட்டுகிறது. ஆனால் அங்கே மாட்டினால் பெல்ட் கூரையில் உரசுகிறதே?

கிரேன் ரிக்கர், மேட்டுப்பாளையம்:
ஸ்ப்ரெடர் பீம், அதாவது பெல்ட்டுகளை அகட்டிப் பிடிக்கும் இரும்புத் தண்டு, போட்டால் உரசாது. பெல்ட்டை ரொம்பப் படுக்க விடாதீர்கள். கிடைமட்டத்திலிருந்து 60 டிகிரியில் பெல்ட்டின் இரண்டு கால் (கொக்கியிலிருந்து இறங்கும் கிளை) தாங்கினால் ஒரு காலுக்கு ஏறக்குறைய 2.5 டன். அதுவே 30 டிகிரியானால் ஒவ்வொரு காலுக்கும் முழு 4.4 டன் இழுவை!

எனக்குப் பெரிய கவலை சுவர்தான். நனைந்த மண்ணுக்கு முட்டுக்கொடுத்த சுவரின் ஓரத்தில் கிரேனை நிறுத்தினால் சுவரோடு சேர்ந்து கீழே போகும். 12 அடிச் சுவர் என்றால் குறைந்தது 12 அடி தள்ளி நிற்கணும், மண் ஊறியிருந்தால் இன்னும் அதிகம். அவ்வளவு தள்ளினால் பூம், அதாவது கிரேனின் கை, நீளணும். ஹைட்ராவின் 14 டன் கணக்கு பூமைக் குறுக்கிக் கிட்டத்தில் தூக்கும்போது மட்டும்தான். தூரம் கூடக் கூட சரசரவென்று குறையும், தரை சரிவாக இருந்தால் இன்னும் மோசம். ஜாக் (தரையில் ஊன்றும் கால்) உள்ள பெரிய கிரேனைக் கேளுங்கள், ஜாக்குக்கு அடியில் மரக்கட்டை போடுங்கள். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு எடை தூக்கலாம் என்று காட்டும் லோடு சார்ட்டைப் பார்க்காமல் சரி என்று சொல்லாதீர்கள். 12 மாதத்துக்கு ஒருமுறை கிரேனையும் பெல்ட்டையும் சோதிக்கணும், அந்தச் சான்றிதழையும் வாங்கிப் பாருங்கள்.

மாஸ்ட்டைப் பின்னால் சாய்த்து, ஃபோர்க்கை இறக்கி, எஞ்சினை அணைத்து, ஹேண்ட்பிரேக் போடுங்கள். அரை அடி தூக்கி நிறுத்திப் பாருங்கள். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் இறக்கி, பெல்ட் நீளத்தை மாற்றுங்கள். தொங்கும்போது கையால் பிடிக்கக்கூடாது, இரண்டு மூலையிலும் கயிறு கட்டித் தள்ளி நின்று பிடிக்கணும்.

ஃபேக்டரி சூப்பர்வைசர், கோத்தகிரி:
ஹைட்ரா வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இங்கே மதியத்துக்கு மேல் பனிமூட்டம் இறங்கிவிடுகிறது, காலையில் வைத்துக்கொள்ளலாமா?

கிரேன் ரிக்கர், மேட்டுப்பாளையம்:
காலையிலேயே முடித்துவிடுங்கள். ஆப்பரேட்டருக்குக் கீழே இருக்கும் வண்டி தெரியாது, அதனால் சுவரோரத்தில் சைகை காட்ட ஒரே ஆள் நிற்கட்டும். மூட்டத்தில் அவர் கை தெரியவில்லை என்றால் வண்டியை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.