ஜோத்பூரா, ஜெய்சல்மேரா? கல்யாணமாகி ஏழு மாதம், மூன்று வருஷப் போஸ்டிங்

வேளச்சேரி_வாசி

வணக்கம். எனக்கு 29, மனைவிக்கு 27. சோலார் கம்பெனி ஒன்றில் பராமரிப்பு இன்ஜினியராக இருக்கிறேன். இதுவரை கமுதி, தூத்துக்குடி என்று தமிழ்நாட்டுக்குள்ளேயே ஓட்டியாகிவிட்டது. இப்போது ராஜஸ்தான் போ என்கிறார்கள். இரண்டு இடம் காலி.

ஒன்று பட்லா. 2,245 மெகாவாட் பூங்கா, பலோடியையும் தாண்டிப் போக வேண்டும். அங்கே குடும்பம் வைக்க வழியில்லை. மனைவி ஜோத்பூரில், நான் சைட்டில். 14 நாள் வேலை, 7 நாள் லீவு. இன்னொன்று ஃபதேகர், பார்மர் போகிற சாலையில். ஜெய்சல்மேரில் வீடு பார்த்துக்கொண்டு கம்பெனி வண்டியில் தினமும் போய் வரலாம்.

மனைவி பிசியோதெரபிஸ்ட், இங்கே ஒரு கிளினிக்கில் வேலை. இந்தி எனக்கு ஒப்பேறும், அவளுக்கு 'தோடா தோடா'. தினம் ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம் என்பதால் என் மனசு ஜெய்சல்மேர் பக்கம்தான் சாய்கிறது. அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

பாசனி_பத்துவருஷம்

ஜோத்பூர். இதில் யோசிக்கவே ஒன்றுமில்லை தம்பி. பத்து வருஷமாக இங்கே இருக்கிறேன். 2011 கணக்கெடுப்பிலேயே பத்து லட்சம் பேரைத் தாண்டிய ஊர். எய்ம்ஸ் இருக்கிறது, ஐஐடி இருக்கிறது, ராஜஸ்தான் ஹைகோர்ட்டின் தலைமை இடமே இங்கேதான். ஜெய்சல்மேர் அதே கணக்கெடுப்பில் அறுபத்தைந்தாயிரம் சொச்சம். உங்கள் வேளச்சேரியில் நாலு தெருவைக் கூட்டினால் வந்துவிடும். அந்த ஊரில் பிசியோதெரபிஸ்ட் எங்கே போய் வேலை தேடுவார்? ஒட்டகத்தில் ஏறி இடுப்பு பிடித்துக்கொண்ட டூரிஸ்ட்டுகளிடமா?

தங்கக்கோட்டை

பெரிய ஊர் என்பதெல்லாம் ஒரு காரணமா? பெரிய ஊர்தான் வேண்டும் என்றால் அவர் சென்னையிலேயே இருந்துவிடலாமே.

நான் காற்றாலை வேலையில் நாலு வருஷம் ஜெய்சல்மேரில் இருந்தேன். இப்போது அம்பத்தூர். கல்யாணமான புதிது எங்களுக்கும். ஹனுமான் சர்க்கிள் பக்கம் வீடு, மாடியில் நின்றால் கோட்டை தெரியும். 1156-ல் கட்டிய கோட்டைக்குள் இன்னமும் குடும்பங்கள் வாழ்கின்றன. துணி காய்கிறது, பையன்கள் பட்டம் விடுகிறார்கள். சாயங்காலம் வெயில் சாயும்போது அந்த மஞ்சள் கல் முழுக்கத் தேன் நிறமாகிவிடும். நான் வரும் வண்டிச் சத்தம் கேட்டதும் மனைவி மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பாள். இரண்டு பேரும் டீயை எடுத்துக்கொண்டு கடீசர் ஏரிக்கரைக்கு நடந்து போய்விடுவோம். டிராபிக் கிடையாது, ஹார்ன் கிடையாது. அந்த நாலு வருஷம் போல இதுவரை எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஒன்றே ஒன்று: கோட்டைக்குள் மட்டும் வீடு எடுக்காதீர்கள். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் குழாய்த் தண்ணீரும் சாக்கடையும் அஸ்திவாரத்தில் இறங்கிச் சுவர்கள் தளர்ந்துகொண்டிருப்பது பல வருஷப் பிரச்சினை. தண்ணீரே இல்லாத ஊருக்காகக் கட்டிய கோட்டை அது.

வெட்டி_ஆபீசர்

நடுவில் பலோடி இருக்கிறதே, இரண்டு பேருக்கும் பொதுவாக அங்கேயே குடியேறலாமே. 2016 மே 19-ல் 51 டிகிரி அடித்த ஊர். குளிர்காலத்தில் பக்கத்துக் கீச்சன் கிராமத்துக்கு ஆயிரக்கணக்கில் கொக்குகள் வரும், பார்க்கலாம். மிச்ச நாளில் எலக்‌ஷன் சூதாட்டம் கட்டலாம், அதற்கும் பெயர்போன ஊர்தான்.

சௌகார்பேட்டை_பையன்

அண்ணே, ஊரை அப்புறம் பாருங்கள். முதலில் வீடு கிடைக்குமா பாருங்கள். நான் தங்கசாலைத் தெருவில் வளர்ந்தவன். கூடப் படித்தவர்களில் பாதிப் பேருக்குச் சொந்த ஊர் அந்தப் பக்கம். போன வருஷம் நண்பன் ஒருவனின் தங்கை கல்யாணத்துக்கு ஜோத்பூர் போயிருந்தேன். வீட்டுக்காரர்கள் வாடகையைச் சொல்வதற்கு முன் கேட்கிற கேள்வி, சைவமா அசைவமா. ராஜபுத்திர வீடுகளில் ஆட்டுக்கறி தாராளமாக ஓடும், ஆனால் நகரத்தில் வாடகைக்கு விடுகிறவர்களில் ஜைனர், மகேஸ்வரி, பிஷ்னோய் நிறைய. முட்டைக்கே முகம் சுளிப்பார்கள். நெத்திலிக் கருவாட்டை வறுத்தீர்கள் என்றால் அன்று ராத்திரியே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அக்கா இந்தி பற்றிக் கவலைப்பட வேண்டாம். இரண்டு மாதம் எங்கள் தெருவில் வந்து புடவைக்குப் பேரம் பேசச் சொல்லுங்கள், மார்வாடியே வந்துவிடும்.

கொளத்தூர்_அக்கா

எல்லாரும் ஊரைப் பற்றியே பேசுகிறீர்கள். என் வீட்டுக்காரர் கப்பலில் இருந்தவர். எட்டு மாதம் அங்கே, நாலு மாதம் இங்கே. அவர் வருவதற்குள் என் வீட்டுக்கு நானே ராஜா என்று பழகியிருப்பேன். வந்ததும் மிக்ஸியை ஏன் இங்கே வைத்தாய், கேஸை ஏன் இவனிடம் வாங்கினாய் என்று ஆரம்பிப்பார். சேர்ந்து இருப்பதற்கே ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து பழக வேண்டும். பதினான்கு நாள் சின்னக் கணக்குதான், ஆனால் கல்யாணமாகி ஏழே மாதம். மொழி தெரியாத ஊரில் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு அவர் போய் சோலார் தட்டைத் துடைத்துக்கொண்டிருப்பாரா? ஜெய்சல்மேர்தான் சரி.

பாசனி_பத்துவருஷம்

அக்கா, 'தினமும் வீட்டுக்கு வரலாம்' என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். சைட் வேலை என்றால் வண்டி காலை ஆறு மணிக்குக் கிளம்பும். திரும்ப ஏழரை, எட்டு. குளித்துச் சாப்பிட்டுப் படுத்தால் நாள் முடிந்தது. ஆறு நாள் இப்படி, ஞாயிறு ஒரு நாள் துணி துவைக்க. பட்லா ரோஸ்டரில் ஏழு நாள் முழுசாகக் கையில் இருக்கும். விழித்திருக்கும் நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், பெரிய வித்தியாசம் வராது.

அப்புறம் ஆஸ்பத்திரி. 2025 அக்டோபரில் ஜெய்சல்மேரிலிருந்து ஜோத்பூர் வந்த ஏசி பஸ் ஊரை விட்டுக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே தீப்பிடித்தது. 20 பேருக்கு மேல் இறந்தார்கள். தீக்காயத்தோடு பிழைத்தவர்களை 270 கிலோமீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு இங்கேதான் வந்தார்கள். எந்த ஊரிலும் பஸ் எரியலாம், அதற்காக ஜெய்சல்மேரைக் குறை சொல்லவில்லை. பெரிதாக ஏதாவது என்றால் சிகிச்சை ஐந்து மணி நேரத்துக்கு அப்பால் என்பதுதான் விஷயம். இளம் ஜோடி, நாளைக்கே ஒரு குழந்தை என்றால்?

தங்கக்கோட்டை

குழந்தை பிறப்புக்கு நம் ஊர்ப் பெண்கள் எப்படியும் அம்மா வீட்டுக்குத்தான் வருவார்கள். ஜோத்பூர் எய்ம்ஸைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம்.

பாசனி_பத்துவருஷம்

ஏழாவது மாதம் வரை எங்கே இருப்பார் சார்?

மணல்_குடித்தவள்

இரண்டு ஊர்க்காரர்களும் மறைக்கிற விஷயத்தை நான் சொல்கிறேன். பிகானேரில் மூன்று வருஷம் இருந்தேன், பாலைவனம் எல்லாம் ஒரே குடும்பம்தான்.

ஜனவரியில் போய்ப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜனவரியில் அந்த ஊர்கள் பொய் சொல்லும். ராத்திரி ஏழெட்டு டிகிரி, பகலில் இதமான வெயில், கையில் சுடச்சுடக் கச்சோரி. மே மாதம் போங்கள். 43 டிகிரி என்பது அங்கே செய்தியே இல்லை. சென்னையில் வியர்வை வழிகிறது என்று அலுத்துக்கொள்கிறோம். அங்கே வியர்ப்பதே தெரியாது, வந்த வேகத்தில் காய்ந்து சட்டையில் உப்புக் கோடு மட்டும் நிற்கும். குதிகால் வெடிக்கும். மூக்கில் ரத்தம் வரும், பயந்துவிடாதீர்கள்.

ஒரு நாள் நாலு மணி இருக்கும். மேற்கே ஒரு பழுப்புச் சுவர் எழும்பி வந்தது. பக்கத்து வீட்டம்மா 'ஆந்தி, ஆந்தி' (புழுதிப் புயல்) என்று கத்திக்கொண்டு கொடியிலிருந்த துணியைச் சுருட்டினாள். கதவடியில் ஈரத் துண்டைத் திணித்துவிட்டு டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அரை மணி நேரம். ஓய்ந்த பிறகு பார்த்தால் மூடி வைத்த மிக்ஸி ஜார் விளிம்பில் மணல், குக்கர் காஸ்கெட்டில் மணல், பல்லில் மணல். மூன்று நாள் சாம்பாரில் நறநறவென்று கடித்தது. பெயர்க் காரணம் அதுதான்.

வேளச்சேரி_வாசி

பெட்ரூமுக்கு ஏசி போட்டால் போதாதா?

மணல்_குடித்தவள்

போதும். ஆனால் அங்கே வீட்டு வீட்டுக்குக் கூலர்தான். சென்னையில் அது வெறும் ஈரக்காற்று அடிக்கிற தகர டப்பா. காரணம், நம் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிரம்பிக் கிடக்கிறது. கூலர் தட்டியில் ஊறும் தண்ணீர் ஆவியாக இடமில்லை. அங்கே காற்று எலும்பு வரை காய்ந்திருப்பதால் தண்ணீர் மளமளவென்று ஆவியாகும், காற்றின் சூட்டையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். மே, ஜூனில் ஏசிக்கு நிகராக வேலை செய்யும். ஜூலையில் நாலு மழை பெய்து காற்று ஈரமானதும் அதுவும் சென்னை டப்பாதான். தண்ணீரில் உப்பு அதிகமென்றால் தட்டி முழுக்கச் சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளை படியும், சீசனுக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

சௌகார்பேட்டை_பையன்

குடிக்கிற தண்ணீர்?

பாசனி_பத்துவருஷம்

இந்திரா காந்தி கால்வாயிலிருந்து வருகிறது, இமயமலைத் தண்ணீர். ஜோத்பூருக்கு அதிலிருந்து பம்ப் வைத்து மேலே ஏற்றிக் கொண்டுவருகிறார்கள். கால்வாயைப் பராமரிப்புக்கு மூடும் வாரங்களில் மட்டும் சிக்கனம். போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு, ஃபுளோரைடு. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வரவழைத்த ஊர்க்காரர்கள் நாம், இதைக் கேட்டுப் பதறக் கூடாது.

கொளத்தூர்_அக்கா

எல்லை பக்கத்தில் இருக்கிறதே, அதை யாரும் சொல்லவில்லை. 2025 மே மாதம் பாகிஸ்தானோடு நடந்த சண்டையின்போது ஜெய்சல்மேரில் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்களே? ஜெய்சல்மேர் என்று நான் சொன்னதே இப்போது கொஞ்சம் உறுத்துகிறது.

தங்கக்கோட்டை

உண்மைதான் அக்கா. ஆனால் அதே ராத்திரிகளில் ஜோத்பூரிலும் விளக்கு அணைந்தது. அப்போது மூடிய 32 விமான நிலையங்களில் இரண்டு ஊரும் இருந்தன. ஜெய்சல்மேருக்கு ராணுவம் புதிதில்லை, வண்டிகள் போவதும் வருவதும் தினசரிக் காட்சி.

நியாயமாக ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். ஏப்ரல் வந்தால் டூரிஸ்ட் போய்விடுவான். விமானங்கள் குறையும். பாதி ஹோட்டல்களில் ஷட்டர் இறங்கும். மாவட்டமே கேரளா அளவு. சதுர கிலோமீட்டருக்கு 17 பேர், தமிழ்நாட்டில் 555. அந்த அமைதி எனக்குப் பிடித்தது. எல்லாருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன்.

மேற்படி_மனைவி

இந்த இழையில் இரண்டு நாளாக என்னைப் பற்றித்தான் பேச்சு என்று இவர் நேற்றுதான் காட்டினார். வணக்கம்.

எல்லாவற்றையும் படித்தேன். தங்கக்கோட்டை சார் எழுதியதுதான் இருப்பதிலேயே அழகு, அதைப் படித்து ஒரு நிமிஷம் ஜெய்சல்மேருக்கே தலையாட்டிவிட்டேன். திரும்பப் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அதில் உங்கள் மனைவி வண்டிச் சத்தத்துக்குக் காத்திருக்கிறார். காலை ஆறிலிருந்து அது வரைக்கும் என்ன செய்தார் என்று ஒரு வரிகூட இல்லை சார். கோபமாகச் சொல்லவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

கொளத்தூர் அக்கா சொன்ன தனிமை எனக்கும் பயம்தான். ஆனால் வேலைக்குப் போய் வந்து தனியாக இருப்பது வேறு, வேலையே இல்லாமல் பன்னிரண்டு மணி நேரம் கதவைப் பார்த்துக்கொண்டு இருப்பது வேறு. முதலாவதில் எனக்குப் பழக்கம் உண்டு, நாலு வருஷம் ஹாஸ்டல். ஜோத்பூரில் இரண்டு கிளினிக்குகளுக்குப் போன் செய்தேன். என் இந்தியைக் கேட்டு ஒருவர் சிரித்தார், இன்னொருவர் நேரில் வரச் சொன்னார். முழங்கால் வலிக்கு 'இங்கேயா, அங்கேயா' என்று கேட்கிற அளவு இந்தி போதும் என்று நினைக்கிறேன்.

மே கடைசி வாரம் இரண்டு ஊரும் போய்ப் பார்க்கிறோம். மன்னார்குடியிலிருந்து எழும்பூர் வழியாக ஜோத்பூர் போகும் பகத் கி கோட்டி எக்ஸ்பிரஸில்தான். இவர் விமானம் என்றார், நான்தான் இரண்டு ராத்திரி தூரத்தை உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்றேன்.

தங்கக்கோட்டை

பக்கத்தில்தான் இருக்கிறாள், உங்கள் கேள்வியைப் படித்துக் காட்டினேன். முதலில் சிரித்தாள். பிறகு, "முதல் வருஷம் முழுக்கத் தூங்கினேன், இரண்டாவது வருஷம் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கண்ணாடி வைத்துத் தைக்கிற எம்பிராய்டரி கற்றேன், மூன்றாவது வருஷம் உங்களிடம் சண்டை போட்டேன்" என்றாள். நாலாவது வருஷம் என்ன என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை. நான் வேறு ஓட்டுக்கு மாறவில்லை, ஆனால் இதை எழுதச் சொன்னாள்.

வெட்டி_ஆபீசர்

அண்ணனுக்கு இன்றைக்கு ராத்திரிச் சாப்பாடு கிடைக்குமா?

மேற்படி_மனைவி

கடைசியாக ஒன்று. பாசனி சார், ஜோத்பூரில் இட்லி மாவு பொங்குமா? டில்டிங் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு வரலாமா, இங்கேயே அம்மா வீட்டில் போட்டுவிடலாமா?

பாசனி_பத்துவருஷம்

எடுத்து வாம்மா. ஏப்ரலில் இருந்து அரைத்த நாலு மணி நேரத்தில் பொங்கி வழியும், தூங்கிவிடாதே. டிசம்பர், ஜனவரியில் மறுநாள் மத்தியானம்கூட அப்படியே கிடக்கும். பாத்திரத்தை ரஜாயில் (பஞ்சு வைத்த போர்வை) சுற்றி, சமையலறையிலேயே சூடான மூலை எதுவோ அங்கே வைத்துவிடு. எங்கள் வீட்டில் அது ஃபிரிட்ஜுக்குப் பின்பக்கம். தேங்காய் கிடைக்கும், கறிவேப்பிலைதான் பெரிய பாடு. தொட்டியில் ஒரு கன்று கொண்டு வா. ரயிலில் ஜன்னலோரம் வைக்காதே, சூரத் தாண்டுவதற்குள் வாடிவிடும்.