மறு: மறு: பல்லின வளையமா, வேற்றணு வளையமா?

ஹட்டனிலிருந்து:
எல்லோருக்கும் வணக்கம். பாடசாலை விஞ்ஞான மலரை வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும். செப்பு உப்பையோ பலேடியத்தையோ ஊக்கியாக (தாக்கத்தை வேகப்படுத்தும் பொருளாக) வைத்துக் கந்தகம் உள்ள வளையச் சேர்வைகளைத் தொகுப்பது பற்றி எழுதுகிறேன். காபனோடு வேறு அணுவும் சேர்ந்த வளையத்தைப் 'பல்லின வளையம்' என்றே எழுதியிருந்தேன். உயர்தர மாணவி ஒருத்தி வாசித்துவிட்டு, "வளையத்துக்குள்ள திண்மமும் வாயுவும் கலந்து இருக்குமா சேர்?" என்று கேட்டாள். அவளில் பிழையில்லை. ஊக்கி ஓர் அவத்தை (திண்மம், திரவம், வாயு என்ற நிலை), அதோடு தாக்கமடையும் தாக்கி வேறு அவத்தை என்றால் பல்லின ஊக்கி என்று நாம்தானே படிப்பித்தோம்! என் கட்டுரையில் 'பல்லின ஊக்கியால் பல்லின வளையம்' என்று ஒரே வரியில் வருகிறது.

பேராதனையிலிருந்து:
'வேற்றணு வளையம்' என்று வையுங்கள் சேர். வேற்றாள், வேற்றூர் மாதிரி. தயோபீன் வளையத்தில் நாலு காபன், ஒரு கந்தகம். அந்த ஒன்றுதான் வேற்றணு. சொல்லே படத்தைக் காட்டிவிடும்.

பதுளையிலிருந்து:
வேறு என்பதில் றகரம் இரட்டுவது நன்னூலின்படி வேற்றுமைப் புணர்ச்சியில்தான் மிகுதி. 'வேறான அணு' என்பது அல்வழி, அதாவது வேற்றுமைப் பொருள் இல்லாத புணர்ச்சி. 'அயலணு' என்றால் இந்தச் சிக்கலே இல்லை. அப்புறம், கந்தகமும் வடசொல்தான், மணத்தைக் குறிக்கும் 'கந்த'த்திலிருந்து வந்தது. தயோபீனின் 'தயோ' கந்தகத்துக்கான கிரேக்கச் சொல். 1880களில் ஜேர்மன் இரசாயனவியலாளர் விக்டர் மேயர் பென்சோயிக் அமிலத்திலிருந்து எடுத்த பென்சீன், இசற்றின் என்ற சேர்வையோடும் சல்பூரிக் அமிலத்தோடும் நீலம் காட்டவில்லை. நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த பென்சீன் காட்டியது. அதில் ஒளிந்திருந்த தயோபீன்தான் காரணம். பென்சீன் 80 பாகையில் கொதிக்கும், தயோபீன் 84இல், பிரிப்பது லேசா?

பண்டாரவளையிலிருந்து:
அண்ணே, கதை அருமை, ஆனால் கந்தகத்தில் கை வைக்காதீர்கள். அது எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்த சொல். 'அயல்' வேண்டவே வேண்டாம். அயல் காபன் என்றால் பக்கத்துக் காபன். கந்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் காபனைத்தான் பிள்ளை அயலணு என்று நினைக்கும். வேற்றூர் என்று எத்தனை காலமாகச் சொல்கிறோம், அதுவும் அல்வழிதானே?

ஹட்டனிலிருந்து:
சரி டீச்சர், வேற்றணு என்றே போடுகிறேன். இன்னொன்று கேட்கவேண்டும். கந்தகம் தன் தனிச்சோடி (பிணைப்பில் சேராத) இலத்திரன்களால் பலேடியத்தை இறுகப் பிடித்து, ஊக்கி வேலை செய்யாமல் ஆக்கிவிடும். கட்டுரையின் உயிரே அந்த இடம்தான். 'ஊக்கி நஞ்சாதல்' என்று எழுதினால், ஊக்கியே நஞ்சாகிவிட்டது என்றல்லவா படுகிறது? கொப்புள நோய்க்குத் தேயிலையில் செப்பு மருந்து அடிப்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள், செப்பு ஊக்கியைத்தான் நஞ்சென்று எடுத்துக்கொள்வார்கள்.

பேராதனையிலிருந்து:
'ஊக்கி நஞ்சேறல்'. பாம்பு விஷம் ஏறியது என்கிறோமே.

பண்டாரவளையிலிருந்து:
எனக்குச் சம்மதம்.

பதுளையிலிருந்து:
நஞ்சேறல் நல்ல சொல். வேற்றணுவைப் பெரும்பான்மைக்காக விடுகிறேன். அடுத்த மலருக்குள் அயலணுவுக்கு வேறு சான்றோடு வருவேன்.