கச்சேரி விமரிசனம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு மாலை

நான்: பெரியப்பா, ஒரு உதவி வேண்டும். எங்கள் குடியிருப்பு மலரில் போன வாரக் கச்சேரியைப் பற்றி எழுதச் சொல்கிறார்கள். எனக்கு நாலைந்து ராகத்துக்கு மேல் பிடிபடாது. நான் எழுதலாமா?

பெரியப்பா: தாராளமாக எழுது. விகடனில் 'ஆடல் பாடல்' பகுதியில் 'கர்நாடகம்' என்ற பெயரில் எழுதியது கல்கிதான். அவர் ஒன்றும் மேடையேறிப் பாடிய வித்துவான் இல்லை.

சித்தி: அந்தப் பெயரே எனக்குப் பிடிக்கும். பழசை விடாதவரைச் 'சுத்தக் கர்நாடகம்' என்போம் அல்லவா, அந்தப் பெயரை வைத்துக்கொண்டு புதுசுக்கு வாதாடினார்.

பெரியப்பா: ஆள் வந்த வழி அப்படி. 1899ல் மாயவரம் பக்கம் புத்தமங்கலத்தில் பிறந்தவர், ஒத்துழையாமை இயக்கத்துக்காகத் திருச்சியில் படிப்பை விட்டார், 1922ல் ஒரு வருஷம் சிறை, அப்புறம் திரு.வி.க.வின் நவசக்தி பத்திரிகை, திருச்செங்கோட்டில் ராஜாஜியின் ஆசிரமம், அதற்குப் பிறகுதான் விகடன். வித்துவான் என்ன நினைப்பார் என்பதைவிட, கடைசி வரிசையில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு என்ன கிடைத்தது என்பதுதான் அவருக்குக் கவலை என்று எனக்குத் தோன்றும்.

அத்தை: அதெல்லாம் சரி அண்ணா. தமிழிசைக்காக அவர் போட்ட சண்டையில் மட்டும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. தெலுங்கு தெரியாமலே தியாகராஜர் கிருதி கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது. பாட்டுக்கு நாதம்தான் முதல்.

பெரியப்பா: தியாகராஜரைப் பாடாதே என்று அவர் சொல்லவில்லையே அம்மா. தமிழ்ப் பாட்டு கச்சேரிக் கடைசியில் துக்கடாவாக, சின்ன உருப்படியாகத்தான் வரும், அதை நடுவில் கொண்டுவா என்றார். 1941ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு, 1943ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம். ராஜா சர் அண்ணாமலை செட்டியார் முன்னின்றார், எழுத்தில் போராடியது கல்கி. பெரிய சங்கீதப் புள்ளிகளின் கோபம் வரும் என்று தெரிந்தும் எழுதினார்.

சித்தி: ஆனால் ஒன்று கேட்கிறேன். பாடகி எம்.எஸ். சுப்புலட்சுமியின் கணவர் சதாசிவத்தோடு சேர்ந்துதானே 1941ல் கல்கி பத்திரிகையை ஆரம்பித்தார்? எம்.எஸ். சாவித்திரி படத்தில் நாரதராக நடித்த பணம் அதற்குத்தான் போனது. மீரா படத்தில் 'காற்றினிலே வரும் கீதம்' எழுதியதும் இவர். அப்புறம் எம்.எஸ். கச்சேரியை எப்படி நடுநிலையாக எழுத முடியும்?

பெரியப்பா: நியாயமான கேள்வி. எம்.எஸ். விஷயத்தில் அவரை விமரிசகராக என்னால் ஏற்க முடியவில்லை, கூடவே இருந்த ரசிகராக எடுத்துக்கொள்கிறேன். மற்றவர்களைப் பற்றி எழுதியதில்தான் அவருடைய காது தெரியும்.

நான்: ஐயோ, என் கதையும் அதுதான். பாடியது எங்கள் பக்கத்து வீட்டுப் பெண். கல்யாணி ராக ஆலாபனை நன்றாக இருந்தது, ஆனால் கடைசி அரை மணி நேரம் சுருதி விலகியது. மிருதங்கச் சத்தத்தில் பாட்டு முங்கிப்போனது. அவள் அம்மா தினமும் கேட்கிறார், எழுதிவிட்டாயா என்று.

சித்தி: பேசாமல் அந்தக் கடைசி அரை மணி நேரத்தை விட்டுவிடேன், சின்னப் பெண்.

அத்தை: விடாதே. நாலு பேர் கேட்டதைத்தானே எழுதப்போகிறாய், மறைத்தால் மேலே எழுதிய பாராட்டையும் ஒருவரும் நம்பமாட்டார்கள். எந்தப் பாட்டில், எந்த இடத்தில் விலகியது என்று குறிப்பாகச் சொல். மிருதங்கம் அமுக்கியது மைக் வைத்தவர் பொறுப்பு, அதைப் பெண் தலையில் கட்டாதே. கல்யாணியை 'அருமை' என்று முடிக்காமல் மேல் ஸ்தாயியில் எங்கே நின்றாள், எப்படி இறங்கினாள் என்று எழுது, அதுதான் அவளுக்கு அடுத்த கச்சேரிக்கு உதவும். பயிற்சி கொடுத்த நாளில் என் டீச்சர் அப்படித்தான் சொல்வார், வலிக்கும், ஆனால் எதைத் திருத்துவது என்று புரியும்.

பெரியப்பா: தெரிந்த வீட்டுப் பெண் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடு.

நான்: சரி, இப்படி ஆரம்பிக்கட்டுமா: "பாடியவர் என் பக்கத்து வீட்டுப் பெண், நாலு வயதிலிருந்து தெரியும், சுவருக்கு அந்தப் பக்கம் அவள் சாதகம் செய்வதைத் தினமும் கேட்கிறேன்."

அத்தை: அப்படியே வை. மீதியை எழுதி இங்கே போடு, கல்யாணிப் பகுதியை நான் பார்க்கிறேன்.