மதர்போர்டு பின்கள், கனெக்டர்கள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

பொதிகை:

நான் டெஸ்க்டாப் சர்வீஸ் செய்கிறேன். "ஆன் ஆகவில்லை", "டிஸ்பிளே வரவில்லை" என்று வருகிற பெட்டிகள் பலவற்றில் போர்டும் நன்றாக இருக்கும், ப்ராசசரும் நன்றாக இருக்கும். ஏதோ ஒரு கனெக்டர் ஏறாமல் இருக்கும், அல்லது இடம் மாறி ஏறியிருக்கும். ரேம் எவ்வளவு, கார்டு எது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுகிறோம், இந்தப் பின்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அவரவர் பார்த்ததை எழுதினால் யாரோ ஒருவருடைய போர்டு பிழைக்கும். நானே தொடங்குகிறேன்.

வீட்டிலேயே போர்டை மாற்றிய ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, திரை கறுப்பு. புது போர்டே டெட் என்று கடையில் சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். திறந்து பார்த்தால் 24 பின் பெரிய கனெக்டர் ஒழுங்காக ஏறியிருக்கிறது. ப்ராசசருக்குப் பக்கத்து மூலையில் இருக்கும் 8 பின் மட்டும் காலி. பெரிய கனெக்டர் தருவது போர்டுக்கும் ஸ்லாட்டுகளுக்கும் வேண்டிய கரண்ட். ப்ராசசருக்கான 12 வோல்ட் தனி வழியில் வருகிறது. 2000-இல் பென்டியம் 4 வந்த காலத்தில் பழைய 20 பின் கனெக்டர் தாங்காது என்று அந்த 4 பின் கனெக்டரைச் சேர்த்தார்கள், அப்புறம் அது 8 ஆனது. அதை மாட்டாவிட்டாலும் ஃபேன் சுற்றும், லைட் எரியும். அதனால்தான் ஆட்கள் ஏமாந்துபோகிறார்கள்.

இதே இடத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ப்ராசசருக்கும் 8 பின், கிராபிக்ஸ் கார்டுக்கும் 8 பின். ப்ராசசர் ஒயர் பெரும்பாலும் 4+4 ஆகப் பிரியும், கார்டு ஒயர் 6+2 ஆகப் பிரியும். பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் ப்ராசசர் கனெக்டரில் கிளிப் இருக்கும் பக்கம் 12 வோல்ட், கார்டு கனெக்டரில் கிளிப் பக்கம் கிரவுண்ட், அதாவது கரண்ட் திரும்பும் ஒயர்கள். அப்படியே தலைகீழ். துளைகளின் வடிவத்தை மாற்றி வைத்திருப்பதால் சாதாரணமாக மாறி ஏறாது. ஆனால் பலமாக அழுத்தினால் பிளாஸ்டிக் வழிவிட்டுவிடும். பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் அப்படி ஏற்றிய போர்டைக் கொண்டுவந்தார். ஸ்விட்சை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. நல்ல எஸ்எம்பிஎஸ் (கேபினெட்டுக்குள் கரண்ட் தரும் பவர் சப்ளை பெட்டி), ஷார்ட்டைக் கண்டு தானாகவே நின்றுகொண்டது. போர்டு தப்பித்தது. பெயரில்லாத மலிவு எஸ்எம்பிஎஸ் என்றால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பட்ஜெட் போடும்போது எஸ்எம்பிஎஸ்ஸில் கை வைக்காதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

லேப் சார்:

பொதிகை தம்பி எழுதியதைப் படித்ததும் 1990-கள் ஞாபகம் வந்துவிட்டது. அப்போது ஒரு கல்லூரி கம்ப்யூட்டர் லேபில் வேலை. எல்லாம் ஏடி என்ற பழைய வகை போர்டுகள். பவருக்கு பி8, பி9 என்று இரண்டு 6 பின் கனெக்டர்கள், அடுத்தடுத்து மாட்ட வேண்டும். இரண்டும் ஒரே அச்சு. ஒன்றின் இடத்தில் மற்றது தாராளமாக ஏறும். லேபில் சேர்ந்த அன்றே சீனியர் சொல்லிக்கொடுத்தது: கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றாகச் சேர வேண்டும். கறுப்பு ஓரத்துக்குப் போய்விட்டால் கிரவுண்ட் இருக்க வேண்டிய இடத்தில் வோல்டேஜ் ஏறிவிடும். பக்கத்துப் பிரிவில் ஒரு புது போர்டு அப்படிப் போனதைப் பார்த்தேன். அந்த நெடி சாயங்காலம் வரைக்கும் அறையில் இருந்தது.

இன்னொன்று இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் கேபினெட்டுகளின் முன்பக்க பவர் ஸ்விட்சுக்கு வீட்டு மின்சாரம், அதாவது 230 வோல்ட், நேராக வரும். பிளக்கைப் பிடுங்காமல் முன்பக்கத்தில் கை வைக்கவே கூடாது. 1995-இல் இன்டெல், ஏடிக்குப் பதிலாக ஏடிஎக்ஸ் முறையைக் கொண்டுவந்தபோது இரண்டு தொல்லையும் ஒன்றாகப் போனது. பவர் ஒரே கனெக்டர், ஒரே பக்கம்தான் ஏறும். ஸ்விட்ச் போர்டுக்கு ஒரு சின்ன சைகை மட்டும் தரும், உடனே போர்டு பச்சை ஒயரைக் கிரவுண்டுக்கு இழுக்கும், எஸ்எம்பிஎஸ் எழுந்துகொள்ளும். எஸ்எம்பிஎஸ் மட்டும் வேலை செய்கிறதா என்று பார்க்க, கழற்றி வெளியே எடுத்து, 24 பின்னில் பச்சையையும் ஒரு கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைக்கிறோமே, அதன் அடிப்படை இதுதான். இப்போது எல்லா ஒயரையும் கறுப்பாகவே தருகிறார்கள். அதனால் நிறத்தை நம்ப வேண்டாம், 16-ஆம் பின் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏடிஎக்ஸ் வந்த பிறகும் ஒரு பொறி இருந்தது. 2000-களில் பல போர்டுகளில் யுஎஸ்பி பின்களுக்குப் பக்கத்திலேயே ஃபயர்வயர் (யுஎஸ்பி போல வெளிக் கருவிகளை இணைக்கும் இன்னொரு முறை) பின்கள் இருக்கும். அதே 9 பின், அதே இடத்தில் ஒரு பின் இல்லாத அமைப்பு. யுஎஸ்பியில் 5 வோல்ட், ஃபயர்வயரில் 12 வோல்ட். கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி ஒயரை அதில் மாட்டிவிட்டால், பென் டிரைவைச் செருகியதும் அது சூடாகிச் செத்துவிடும். மாட்டாதீர்கள் என்று மேனுவலில் தனியாக எச்சரிக்கை அச்சடித்திருப்பார்கள். அதை யார் படித்தார்கள்? பழைய போர்டில் இன்னும் வேலை செய்பவர்கள் பக்கத்தில் அச்சிட்ட எழுத்தை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

ராக்கோழி கேமர்:

நான் சொல்லப்போவது போர்டில் மாட்டும் முனையைப் பற்றியது இல்லை, எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனை. மாட்யூலர் எஸ்எம்பிஎஸ்ஸில் ஒயரை இரண்டு பக்கமும் கழற்றலாம் இல்லையா? போர்டு, டிஸ்க் பக்கத்து முனை எல்லா கம்பெனிக்கும் ஒன்று. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனைக்குப் பொது விதி கிடையாது. ஆளாளுக்கு ஒரு வரிசை. ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களில்கூட மாறும்.

என் அத்தை மகன் எஸ்எம்பிஎஸ் மட்டும் மாற்றினான். பழைய ஒயர்களை அழகாகக் கட்டி வைத்திருந்ததால் அவற்றை அப்படியே விட்டுவிட்டு, புதியதில் செருகினான். கச்சிதமாக ஏறியது. ஆன் செய்த நொடியில் ஹார்டு டிஸ்க், எஸ்எஸ்டி எல்லாம் போய்விட்டன. 5 வோல்ட் போக வேண்டிய ஒயரில் 12 வோல்ட் போயிருக்கிறது. போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த ஹார்டு டிஸ்க்கில்தான் எங்கள் தாத்தாவின் கடைசி வருடத்துப் படங்கள் இருந்தன. டேட்டா மீட்டுத் தருகிற இடத்தில் டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டைச் சரிசெய்து பாதியை எடுத்துக் கொடுத்தார்கள். புது எஸ்எம்பிஎஸ் வாங்கினால் அதன் பெட்டியில் வந்த ஒயரை மட்டும் பயன்படுத்துங்கள், தயவுசெய்து.

குறிஞ்சி:

இரண்டாம் கையாக வாங்குகிற போர்டைப் பற்றி நான் சொல்கிறேன். 2004-இல் இன்டெல் 775 சாக்கெட் (போர்டில் ப்ராசசர் உட்காரும் இடம்) வந்ததிலிருந்து பின்கள் ப்ராசசரை விட்டு போர்டுக்கு வந்துவிட்டன. ஏஎம்டியும் 2022-இல் ஏஎம்5 சாக்கெட்டில், 1718 பின்களோடு, அதே வழிக்கு வந்துவிட்டது. ஆகவே வளைந்தால் போவது போர்டு.

எனக்கு வந்த போர்டில் எல்லாம் வேலை செய்தது, இரண்டு ரேம் ஸ்லாட்டுகளைத் தவிர. ரேமை அழிரப்பரால் துடைத்துப் பார்த்தாகிவிட்டது, வேறு ரேம் போட்டும் பார்த்தாகிவிட்டது. பலனில்லை. ஸ்லாட்டே போய்விட்டது என்றுதான் பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதி இப்போது ப்ராசசருக்குள்ளேயே இருக்கிறது. அதனால் ரேம் ஸ்லாட்டுக்குப் போகும் பாதை சாக்கெட்டின் பின் வழியாகத்தான் தொடங்குகிறது. ப்ராசசரை எடுத்துவிட்டு, மொபைல் டார்ச்சை ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, மற்றொரு மொபைலில் ஜூம் செய்து பார்த்தேன். வரிசையாக நட்ட நாற்றில் ஒன்று மட்டும் சாய்ந்ததுபோல ஒரு பின் தெரிந்தது. நேர் மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. பூதக்கண்ணாடியும் மெல்லிய ஊசியும் வைத்து, ஒரு முறைக்கு மேல் வளைக்காமல், மெதுவாக நிமிர்த்தினேன். நான்கு ஸ்லாட்டும் வந்தன.

வளைந்த பின்னுக்கு வாரண்டி பொதுவாகக் கிடைக்காது. சாக்கெட் மேல் வருகிற பிளாஸ்டிக் மூடியைத் தூக்கி எறியாதீர்கள். போர்டைத் திருப்பி அனுப்பும்போது அது இல்லாவிட்டால் பல இடங்களில் வாங்கவே மாட்டார்கள்.

முதல் பிசி:

அண்ணா எல்லோருக்கும் நன்றி. நான் இப்போதுதான் முதல் சிஸ்டம் அசெம்பிள் செய்கிறேன். எல்லாம் மாட்டிவிட்டேன், கேபினெட்டிலிருந்து வரும் சின்னச் சின்ன ஒயர்களில் நிற்கிறேன். எதில் பிளஸ், எதில் மைனஸ் என்று குழப்பம். தப்பாக மாட்டினால் போர்டு போய்விடுமா? பவர் எல்இடி ஒயர் வேறு 3 பின் அகலத்தில் இருக்கிறது, போர்டில் 2 பின்தான்.

பொதிகை:

போகாது தம்பி, பயப்படாதீர்கள். பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச் இரண்டுக்கும் பிளஸ் மைனஸ் கிடையாது, எப்படி மாட்டினாலும் வேலை செய்யும். பார்க்க வேண்டியது எல்இடிக்கு மட்டும். திருப்பி மாட்டினால் எரியாது, கழற்றித் திருப்பிப் போட்டால் எரியும்.

பெரும்பாலான போர்டுகளில் இந்தச் சின்ன ஒயர்களை மாட்டும் 9 பின் தொகுதியில் ஒரு மூலையில் பின் இருக்காது, அதுதான் 10-ஆம் இடம். அதை வைத்து எண்ணுங்கள். 1, 3 ஹார்டு டிஸ்க் லைட், 2, 4 பவர் லைட், 5, 7 ரீசெட், 6, 8 பவர் ஸ்விட்ச். லைட் இரண்டிலும் சின்ன எண் பிளஸ். உங்கள் போர்டின் மேனுவலோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள், சில போர்டுகளில் மாறும். ஸ்விட்ச் ஒயரிலேயே சந்தேகம் என்றால் எஸ்எம்பிஎஸ்ஸை ஆனில் வைத்துக்கொண்டு 6, 8 பின்களை ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டு எடுங்கள், சிஸ்டம் ஆன் ஆக வேண்டும். பக்கத்துப் பின்னைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த 3 பின் அகல ஒயரில் நடுத்துளை காலியாக இருக்கும். ஓரத்து ஒயரின் மேலே உள்ள பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கினால் உலோக முனை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். அதை நடுத்துளையில் செருகி 'டிக்' என்று உட்காரும்வரை தள்ளுங்கள், 2 பின்னுக்குச் சரியாகிவிடும். நாக்கை முழுக்க மடக்கிவிடாதீர்கள், உடைந்துவிடும்.